செய்தியின் செல்வாக்கும் "மற்றவர்களும்"

குமுளியில் இரு மாநிலங்களின் எல்லை கடைத்தெருவை ஒட்டியே செல்கிறது. கிழக்கே மலையிறங்கும் சாலை கூடலூர், கம்பம் வழியாகத் தேனியை அடைகிறது. மேற்கே செல்லும் சாலை வண்டிப்பெரியாறு, பீர்மேடு வழியாகக் கோட்டயத்திற்குப் போகிறது. தமிழ்ப் பத்திரிகைகளும் மலையாளப் பத்திரிகைகளும் இங்கு காலையில் ஒருங்கே கிடைக்கின்றன. இரண்டையும் படிக்கவல்லவர்களும் இங்கு உளர். பெரியாற்று அணையைப் பற்றிய செய்தி வெளியான ஒரு நாளில், அதைப் படித்து முடித்த ஒருவரிடம் இரண்டு வினாக்களை விடுப்பதாகக் கொள்வோம். "இச்செய்தி தங்கள் அபிப்பிராயத்தை எவ்வளவு மாற்றியது?" என்பது முதல் வினா. "இதைப் படிக்கும் மற்றவர்களின் அபிப்பிராயத்தை இது எவ்வளவு மாற்றும்?" என்பது இரண்டாவது. விடைகள் எத்தகையனவாக இருக்கும் என்பதை மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் முன்கூட்டியே கூறிவிடுவர். தம்மை அச்செய்தி அசைக்கவில்லை என்பார். மற்றவர்களையோ அது வெகுவாகக் கலக்கிவிடும் என்பார். இவ்விடைகளுடன் மூன்றாவது ஒன்றையும் அவர் கேளாமலே சேர்த்துச் சொல்லக்கூடும்: அச்செய்தி தம் பக்கத்தாருக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதே அது.

பிறரைப் பற்றிய இவ்வனுமானத்திற்கு "மூன்றாமவர் விளைவு" என்றும், செய்தி நமக்குப் பகையாகவே தோன்றும் இயல்புக்குப் "பகைமைத் தோற்றம்" என்றும் பெயரிடலாம். இவை வெறும் பேச்சளவில் நிற்பவையல்ல. கிராமத்தில் பணிபுரியும் அலுவலர் எந்தத் தகவலை மக்களுக்குச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்யும்போதும், ஓர் அரசாங்கம் ஒரு திரைப்படத்தைத் தடை செய்யும்போதும் இவை ஒரு பங்கு வகிக்கின்றன.

துண்டுப் பிரசுரத்தின் கதை

மூன்றாமவர் விளைவை 1983-ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கியவர் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பிலிப்ஸ் டேவிசன் என்னும் சமூகவியலார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் தம்மிடம் கூறிய நிகழ்ச்சியொன்றே தம்மை இத்துறையில் சிந்திக்கத் தூண்டியதாக அவர் எழுதினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பசிபிக் கடலிலுள்ள இவோ ஜிமா தீவில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. அதன் சிப்பாய்கள் நீக்ரோ இனத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். ஜப்பானிய விமானங்கள் அப்பிரிவின்மீது துண்டுப் பிரசுரங்களை வீசின. இது வெள்ளையரின் யுத்தம், நிறத்தவரோடு ஜப்பானுக்குப் பகையில்லை, ஆகவே சிப்பாய்கள் சரணடையலாம் அல்லது படையை விட்டு ஓடிவிடலாம் என்பது அவற்றின் சாரம். மறுநாளே அப்படைப்பிரிவு அங்கிருந்து அகற்றப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்கது யாது? பிரசுரங்கள் சிப்பாய்களின் மனத்தைச் சிறிதேனும் மாற்றின என்பதற்கு அச்சரித்திர ஆராய்ச்சியாளருக்கு எவ்விதச் சான்றும் கிடைக்கவில்லை. மனம் மாறியவர்கள் அதிகாரிகளே. அவர்களும் பிரசுரத்தின் வாசகத்தை நம்பி மாறவில்லை; தம் சிப்பாய்கள் அதை நம்பிவிடுவர் என்று எண்ணியதால் மாறினர். பிரசாரம் எவரை நோக்கி எய்யப்பட்டதோ அவரை விட்டு, பக்கத்தில் நின்றவரைத் தாக்கியது.

டேவிசன் பின்னர் மேற்கு ஜெர்மனியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, தலையங்கங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்று வினவினார். நம்மைப் போன்றவர்களை அவை அதிகம் தொடுவதில்லை, சாதாரண வாசகர்களையே இழுத்துச் செல்லும் என்ற பாங்கிலேயே பலர் விடையளித்தனர். அச்"சாதாரண வாசகர்" யார், எங்கே இருக்கிறார் என்பதற்கு விடையில்லை. ஒவ்வொருவரும் தம்மைத் தவிர்த்து ஏனையோரையே அப்பெயரால் குறிக்கின்றனர் என்பது சிறிது யோசித்தால் விளங்கும்.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள் பலவும் இதை உறுதி செய்தன. டெலிவிஷன் வன்முறை, தேர்தல் விளம்பரம், ஆபாசப் புத்தகம், சூதாட்ட விளம்பரம் என்று பல பொருள்களில் மேலே கூறிய இரண்டு வினாக்களையே விடுத்துப் பார்த்தனர். 2000-ஆம் ஆண்டில் 32 ஆராய்ச்சிகளின் முடிவுகளை ஒருங்கே தொகுத்துக் கணக்கிட்டபோது, தம்மைப் பற்றிய மதிப்பீட்டிற்கும் பிறரைப் பற்றிய மதிப்பீட்டிற்கும் இடையே திடமான வேற்றுமை இருப்பது தெரிந்தது. வினாக்களைக் கேட்கும் வரிசையால் ஏற்படும் பிழையோ என்ற ஐயமும் எழுந்தது. வரிசையை மாற்றிக் கேட்டபோதும் வேற்றுமை மறையவில்லை. மேலும், "மற்றவர்" எவ்வளவு தொலைவில் உள்ளாரோ அவ்வளவுக்கு அவர் எளிதில் மயங்குபவராகக் கருதப்படுகிறார். நண்பரைவிட ஊரார், ஊராரைவிட மாநிலத்தார் என்று இம்மதிப்பீடு ஏறிக்கொண்டே போவதைப் பல ஆராய்ச்சிகளில் காணலாம்.

இதற்குக் காரணம் தற்பெருமை ஒன்றே என்று கூறிவிடலாகாது. நம்முடைய மனத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். அங்கே காரணங்களும் அனுபவங்களும் ஆட்சேபங்களும் நிறைந்திருப்பதைக் காண்கிறோம். பிறருடைய மனத்தை வெளியிலிருந்தே பார்க்கிறோம். அங்கே தெரிவது, அவர் கையில் பத்திரிகை இருப்பது ஒன்றுதான். ஆகவே, படித்தார், மயங்கினார் என்று முடித்துவிடுகிறோம். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எமிலி புரோனின் முதலியோர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதையொட்டியதே. பட்சபாதத்தின் வகைகளை விளக்கி, அவை உங்களிடம் எவ்வளவு உண்டு, மற்றவர்களிடம் எவ்வளவு உண்டு என்று கேட்டபோது, சராசரி மனிதரைவிடத் தம்மிடம் அவை குறைவு என்றே மக்கள் மதிப்பிட்டனர்.

ஒரு விதிவிலக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். செய்தி நல்லது, அதற்குச் செவிசாய்ப்பது பெருமைக்குரியது என்று கருதப்படும் இடங்களில் இவ்வேற்றுமை குறைகிறது; சிற்சில சமயங்களில் தலைகீழாகவும் மாறுகிறது. சுகாதாரப் பிரசாரத்தைக் கேட்டு நான் திருந்தினேன் என்று சொல்ல எவரும் நாணுவதில்லை.

பிழை எப்பக்கத்தில்?

பிறரை அதிகமாக மதிப்பிடுவதால் இவ்வேற்றுமை உண்டாகிறதா, தம்மைக் குறைவாக மதிப்பிடுவதால் உண்டாகிறதா என்பது நெடுநாள் தீராத கேள்வியாக இருந்தது. இரண்டு வினாக்களை மட்டும் கேட்டு இதைத் தீர்க்க இயலாது. உண்மையில் ஏற்பட்ட மாற்றத்தையும் அளந்தாக வேண்டும். இங்கிலாந்தில் கேரன் டக்ளஸ், ராபி சட்டன் என்னும் இருவர் 2004-ஆம் ஆண்டில் இவ்வாறே அளந்து பார்த்தனர். வாசகர்கள் ஒரு பிரசார வாசகத்தைப் படிப்பதற்கு முன் கொண்டிருந்த அபிப்பிராயமும் படித்தபின் கொண்ட அபிப்பிராயமும் ஒப்பிடப்பட்டன. பிறருக்கு ஏற்பட்ட மாற்றத்தை வாசகர்கள் ஏறக்குறைய சரியாகவே ஊகித்தனர். தமக்கு ஏற்பட்ட மாற்றத்தைத்தான் அவர்கள் அறியவில்லை. தாம் முன்பு என்ன எண்ணியிருந்தோம் என்பதையே மறந்து, இப்போதைய எண்ணமே தொன்றுதொட்டுத் தம்மிடம் இருந்ததாகக் கூறினர். 1997-ஆம் ஆண்டில் விபத்தில் மாண்ட இளவரசி டயானாவைப் பற்றிய சதிக் கதைகளைக் கொண்டு அவர்கள் 2008-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியிலும் முடிவு இவ்வாறே அமைந்தது.

படித்தவர்களுக்கு இது சற்றே கசப்பான முடிவு. "பாமர மக்கள் மயங்கிவிடுவர்" என்று அஞ்சும் ஆசிரியர் அல்லது அலுவலரின் மதிப்பீட்டில் பிழை இருக்குமாயின், அது பாமரரைப் பற்றிய பகுதியில் இருப்பதைக் காட்டிலும் தம்மைப் பற்றிய பகுதியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று இம்முடிவு காட்டுகிறது. எல்லாப் பொருள்களிலும் இவ்வாறே நிகழும் என்று உறுதிகூற இந்த இரண்டு ஆராய்ச்சிகள் போதா. எனினும் நெடுநாளாகப் பிறர்மேலேயே திருப்பிவைத்திருந்த விளக்கை இவை நம்பக்கம் திருப்பின.

ஒரே செய்தி, இரண்டு பகை

செய்தி நமக்கு எதிரானது என்னும் தோற்றம் எவ்வாறு எழுகிறது என்பதை இனிக் காண்போம். 1951-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டார்ட்மத், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே ஒரு கால்பந்துப் பந்தயம் நடந்தது. ஆட்டம் முரட்டுத்தனமாகி, இரு பக்கத்தாரும் காயமுற்றனர். ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் இருவர் அப்பந்தயத்தின் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணியினர் தம் அணியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக விதிமீறியதைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டனர். டார்ட்மத் மாணவர்களுடைய கண்களுக்கோ இரு பக்கத்துத் தவறுகளும் ஏறத்தாழச் சமமாகவே தெரிந்தன. படம் ஒன்றே, எண்ணிக்கை வேறு.

பந்தயத்தை விட்டுச் செய்திக்கு வந்தவர்கள் வலோன், ராஸ், லெப்பர் என்னும் மூவர். 1982-ஆம் ஆண்டில் பெய்ரூத் நகரின் அகதி முகாம்களில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றி அமெரிக்க டெலிவிஷன் ஒளிபரப்பிய செய்திகளை, இஸ்ரேலுக்கு அனுதாபம் உடையவர்களுக்கும் அராபியருக்கு அனுதாபம் உடையவர்களுக்கும் அவர்கள் காட்டினர். 1985-ல் வெளியான முடிவு இது: இரு சாராரும் அதே செய்தியைத் தம் பக்கத்திற்கு விரோதமானது என்றனர். செய்தியைத் தயாரித்தவர்கள் எதிர்ப்பக்கத்தார் என்றும் இரு சாராரும் கருதினர். நடுநிலையாளர் ஒருவர் இதைப் பார்த்தால் நமக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்றும் இரு சாராரும் அஞ்சினர். விஷயத்தை அதிகமாக அறிந்திருந்தவர்களிடமே பகைமைத் தோற்றம் மிகுந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அறிவு பெருகினால் பட்சபாதம் நீங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இது இடங்கொடுக்கவில்லை. நன்கறிந்தவருக்கு, செய்தியில் விடுபட்டவை மிகுதியாகக் கண்ணில் படுகின்றன.

"நடுநிலையாளர் திரும்பிவிடுவார்" என்ற அந்த அச்சத்தில்தான் இரண்டு இயல்புகளும் ஒன்றுசேருகின்றன. கந்தர், ஷ்மிட் என்போர் 2004-ல் இதை மேலும் தெளிவாக்கினர். மரபணு மாற்றிய உணவைப் பற்றிய ஒரே வாசகத்தை, சிலருக்குப் பத்திரிகைச் செய்தியாகவும் சிலருக்கு ஒரு மாணவர் எழுதிய கட்டுரையாகவும் கொடுத்தனர். பத்திரிகைச் செய்தி என்று எண்ணியபோது இரு கட்சியாரும் அதில் பகைமையைக் கண்டனர். மாணவர் கட்டுரை என்றபோது அது மறைந்தது. மாணவரின் கட்டுரையை யார் படிக்கப்போகிறார்கள்? பத்திரிகையையோ பலர் படிப்பர். ஆகவே வாசகத்தைக் காட்டிலும், அது எட்டக்கூடிய "மற்றவர்கள்" எவ்வளவு பேர் என்ற நினைவே பகைமையைத் தோற்றுவிக்கிறது எனலாம்.

பெரியாற்று அணையின் 142 அடி

இவற்றையெல்லாம் விளக்க அமெரிக்க உதாரணங்களை நாட வேண்டியதில்லை. இடுக்கி ஜில்லாவின் எல்லையிலேயே ஒன்று உண்டு. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கும் ஏற்பட்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்டு, 1895-ல் முடிவடைந்த சுண்ணாம்பு, சுர்க்கி, கல் ஆகியவற்றாலான அணை அது. பென்னிகுயிக் என்னும் பொறியியலாளரின் பெயர் மதுரைச் சீமையில் இன்றும் நன்றியுடன் சொல்லப்படுகிறது. நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்து, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களுக்குப் பயன்படுகிறது. அணை கேரளத்தில் உள்ளது. அதைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. இந்த அமைப்பிலேயே இருவேறு பார்வைகளுக்கு விதை இருக்கிறது. அணையின் பெயரைக்கூட ஒரு பக்கத்தார் முல்லைப் பெரியாறு என்றும், மறுபக்கத்தார் முல்லப்பெரியார் என்றும் வழங்குகின்றனர்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அவ்வாண்டிலேயே பெரியாற்று அணையின் உறுதியைப் பற்றிய ஐயங்களும் வலுத்தன. 152 அடிவரை நீர் தேக்குவதற்காகக் கட்டப்பட்ட அணையில், பலப்படுத்தும் வேலைகள் முடியும்வரை 136 அடி என்ற வரம்பு ஏற்பட்டது. 2006 பிப்ரவரி 27-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடிவரை தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் 136 அடிக்கு மேல் தேக்குவதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு தொடர்ந்தது. 2010-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, அணை பாதுகாப்பாக உள்ளது என்று 2012-ல் அறிக்கை அளித்தது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கேரளச் சட்டம் செல்லாது என்று கூறி, 142 அடியை உறுதி செய்தது.

அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர்மட்டம் 142 அடியை எட்டியது. "நீர்மட்டம் 142 அடியை எட்டியது" என்ற வாக்கியத்தைக் காட்டிலும் பட்சபாதமற்ற வாக்கியம் ஒன்றை எழுதுவது கடினம். அதில் பெயரடை இல்லை, வினையடை இல்லை, அளவுகோலில் கண்டதே உள்ளது. எனினும் கம்பம் பள்ளத்தாக்கில் அது விழாவுக்குரிய செய்தி. அணைக்குக் கீழே பெரியாற்றின் கரையில் வாழ்வோருக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும் செய்தி. ஆதலின் பத்திரிகை ஆசிரியர் அதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டாலும் குற்றம். சிறிய எழுத்தில் வெளியிட்டாலும் குற்றம். பெரிய எழுத்தில் இட்டால் ஒரு சாரார் பீதியைக் கிளப்புகிறான் என்பர். சிறிய எழுத்தில் இட்டால் உண்மையை மறைக்கிறான் என்பர்.

இவ்விரு சாராருக்கும் நடுவே ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர் என்பது சமவெளியில் இருந்து எழுதுவோருக்குப் பெரும்பாலும் மறந்துபோகிறது. அணைக்குக் கீழே ஆறு முதலில் அடையும் ஊர்களுள் வண்டிப்பெரியாறு ஒன்று. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் தமிழ் பேசுவோர் மிகப் பலர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நிலைத்தன. இம்மக்கள் படிக்கும் மொழி கம்பத்தாரின் மொழி. குடியிருக்கும் இடம் கேரளத்தாரின் அச்சத்திற்குரிய இடம். தமிழர் என்றால் அணையைப் பற்றி இப்படித்தான் நினைப்பர், மலையாளி என்றால் அப்படித்தான் நினைப்பர் என்று தொலைவிலிருந்து செய்யப்படும் ஊகம் இவர்களிடம் வந்து தடுமாறுகிறது. "மற்றவர்" என்று ஒரே சொல்லில் அடக்கப்படுவோரிடையே இவ்வளவு வேற்றுமை உண்டு.

2011-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை இங்கு நோக்கத்தக்கவை. அவ்வாண்டு ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கி ஜில்லாவில் சிறு நில அதிர்ச்சிகள் உணரப்பட்டன. நவம்பர் இறுதியில், ஓர் அணை உடைவதைக் கதையாகக் கொண்ட "டாம் 999" என்னும் ஆங்கிலத் திரைப்படம் வெளியாயிற்று. தமிழ்நாட்டில் அது திரையிடப்படுவதை மாநில அரசாங்கம் தடை செய்தது. டிசம்பரில் எல்லையின் இரு பக்கங்களிலும் கலவரங்கள் மூண்டன. குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கித் திரண்டனர். வாகனங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிச் சென்றுவந்த கூலித் தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

தடை கோரும் எவரும், "இப்படத்தைப் பார்த்தால் நான் நிலைகுலைந்து போவேன்" என்று சொல்வதில்லை. பிறர் நிலைகுலைவர் என்றே சொல்வர். தடைக்கு ஆதரவு காட்டுவோரிடம் மூன்றாமவர் மதிப்பீடு மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனினும், எல்லையில் அப்போதிருந்த கொதிப்பை எண்ணுங்கால், அமைதியைக் காக்கும் பொறுப்புடைய அரசாங்கத்தின் கவலை முற்றிலும் கற்பனை என்று ஒதுக்கிவிடுவதும் நியாயமாகாது. மற்றவர்கள் உண்மையாகவே பாதிக்கப்படுவதும் உண்டு.

அச்சம் எங்கிருந்து வந்தது?

பீதியைப் பத்திரிகைகளே மக்கள் மனத்தில் ஊற்றின என்பது இரு பக்கத்திலும் கேட்கப்படும் குற்றச்சாட்டு. இதைப் பரிசீலிக்க, நம் நாட்டிலேயே நடந்த பழைய ஆராய்ச்சி ஒன்று உதவுகிறது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரைத் தாக்கிய பெரும் பூகம்பத்திற்குப் பின், யமுனா பிரசாத் என்னும் மனோதத்துவ அறிஞர் மக்களிடையே பரவிய வதந்திகளைச் சேகரித்து 1935-ல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமடையாத இடங்களில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பெருகியிருந்தன. துர்கானந்த சின்ஹா என்பவர் டார்ஜீலிங் பகுதியில் ஏற்பட்ட மண்சரிவைப் பற்றி 1952-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு மறுதலையானது: அழிவை நேரில் கண்ட இடத்தில் அத்தகைய மிகைப்பட்ட வதந்திகள் காணப்படவில்லை.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க அறிஞர் லியான் ஃபெஸ்டிங்கர் 1957-ல் ஒரு விளக்கம் தந்தார். பூமி அதிர்ந்தபோது மனத்தில் அச்சம் புகுந்துவிட்டது; கண்ணெதிரே சேதம் ஒன்றும் இல்லை. காரணமில்லாத அச்சத்தோடு மனிதன் இருக்க இயலாது. ஆகவே அதற்குப் பொருந்தும் காரணம் ஒன்றைத் தேடுகிறான், வதந்தி அதை அளிக்கிறது. வதந்தியால் அச்சம் விளைவதாக நாம் எண்ணுகிறோம்; அச்சத்தால் வதந்தி விளைவதும் உண்டு. 2011-ல் இடுக்கியில் நிலைமை பீகாரின் சேதமுறாத ஊர்களின் நிலைமையை ஒத்திருந்தது. நிலம் நடுங்கியது; வீடுகள் நின்றன; மேலே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைய அணை இருந்தது. பத்திரிகைகள் அவ்வச்சத்திற்கு உருவம் கொடுத்திருக்கலாம், அளவையும் பெருக்கியிருக்கலாம். அதை வெறும் மனத்தில் அவை விதைத்தன என்று கொள்வோர், நிலம் நடுங்கியதை மறந்துவிடுகின்றனர்.

பிறர் நம்புவர் என்ற நம்பிக்கையே நிகழ்ச்சிகளை நடத்திவிடுவதும் உண்டு. 2016 நவம்பரில் உப்புக்குத் தட்டுப்பாடு என்ற வதந்தி வட மாநிலங்களில் பரவியபோது, மக்கள் கடைகளில் குவிந்தனர். நாட்டில் உப்பு தீர்ந்துவிடும் என்று ஒருவர் நம்பவேண்டியதில்லை. அண்டை வீட்டார் நம்பி வாங்கிவிடுவர் என்று எண்ணினாலே போதும், அவரும் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

இதன் நற்பயனையும் கூறவேண்டும். நேபாளத்தில் சுகாதார ஊழியர்களுக்காக ஒரு ரேடியோ நாடகத் தொடர் ஒலிபரப்பப்பட்டது. நோயாளிகளை மரியாதையுடன் நடத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். பொதுமக்களும் அதைக் கேட்டனர். கந்தர், ஸ்டோரி என்போர் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இந்நாடகத்தைக் கேட்டு ஊழியர்கள் திருந்தியிருப்பர் என்று எண்ணிய மக்கள், அவர்களிடம் நல்ல வரவேற்பை எதிர்பார்த்தனர். ஊழியர்களைப் பற்றிய அவர்களுடைய மனப்பான்மையும் உயர்ந்தது.

பாலக்காட்டுப் பக்கம்

இடுக்கியில் காணும் நிலை, பாலக்காட்டு ஜில்லாவின் சித்தூர் தாலுகாவில் திசை மாறிக் காணப்படுகிறது. 1970 மே மாதத்தில் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டொன்றுக்கு 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்குக் கிடைக்க வேண்டும். இங்கே மதகு தமிழ்நாட்டின் கையில், வயல் கேரளத்தில். வறண்ட ஆண்டுகளில் "ஆழியாற்றில் நீர் திறப்பு" என்னும் செய்தி பொள்ளாச்சியில் ஒருவிதமாகவும் சித்தூரில் வேறுவிதமாகவும் படிக்கப்படுகிறது. கொழிஞ்சாம்பாறை முதலிய இடங்களில் அந்நீருக்காகக் காத்திருக்கும் விவசாயிகளிலும் தமிழ் பேசுவோர் பலர். பெரியாற்றுச் செய்தியில் ஒரு பக்கத்தார் காணும் பட்சபாதத்தை, ஆழியாற்றுச் செய்தியில் மறுபக்கத்தார் காண்கின்றனர். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், நோய் எந்த மொழிக்கும் உரியதல்ல என்பது தெளிவாகும்.

2022 செப்டம்பர் 21-ஆம் தேதி பின்னிரவில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் ஒன்று பழுதுற்று, பெருவெள்ளம் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கரையோர மக்களுக்கு உடனே எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. இத்தகைய வேளையில், "சொன்னால் மக்கள் பீதியடைவர்" என்று ஓர் அலுவலர் ஒரு மணி நேரம் தயங்கினால் விளையக்கூடியதை விளக்க வேண்டியதில்லை. அவரும் இவோ ஜிமா அதிகாரிகளைப் போன்றே, தாம் பாராத மனங்களைத் தாமே அளந்துவிட்டவர் ஆவார். செய்தியை மறைத்தபின் அது வேறு வழியாக வெளிப்படும்போது, அதோடு "அரசாங்கம் மறைத்தது" என்ற இரண்டாவது செய்தியும் சேர்ந்து வருகிறது. கைப்பேசி யுகத்தில் இவ்விடைவெளி சில நிமிஷங்களே.

வகுப்பறையில் செய்துபார்க்கத்தக்கது

எல்லைப்புறப் பள்ளிகளில் தமிழ், மலையாளம் ஆகிய இரண்டு மொழிப் பிரிவுகளும் ஒரே கட்டடத்தில் நடைபெறும் இடங்கள் உண்டு. அங்குள்ள ஆசிரியர்கள் உயர் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு பரிசோதனையை எளிதாக நடத்தலாம். அணை நீர்மட்டம், மழையளவு, நீர்வரத்து ஆகியவற்றைக் கூறும் பத்து வரிச் செய்தி ஒன்றை, எண்களில் எவ்வித மாறுதலுமின்றி இரு மொழிகளிலும் எழுதிக்கொள்ளவேண்டும். மாணவர்களில் பாதிப்பேருக்கு அது கேரளத்திலிருந்து வெளியான செய்தி என்றும், மற்றப் பாதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வெளியானது என்றும் தலைப்பில் குறிக்கவேண்டும். படித்தபின் மூன்று வினாக்கள்: இச்செய்தி எப்பக்கம் சாய்கிறது? உன் எண்ணத்தை எவ்வளவு மாற்றியது? அடுத்த பிரிவு மாணவர்களின் எண்ணத்தை எவ்வளவு மாற்றும்? விடைகளைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்களால் குறிக்கச் செய்தல் நலம்.

பரிசோதனை முடிந்தவுடன், தலைப்பு மட்டுமே வேறு, வாசகம் ஒன்றே என்பதை மாணவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்துடன் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாகாது. விடைத்தாள்களில் பெயர் எழுதச் செய்யவும் கூடாது. இரண்டாவது வினாவுக்கும் மூன்றாவது வினாவுக்கும் கிடைத்த எண்களின் சராசரிகளைக் கரும்பலகையில் அருகருகே எழுதலாம். இவ்வளவையும் தொடங்குவதற்கு முன், ஆசிரியர் தாமும் ஒரு தாளை எடுத்து, அதே மூன்று வினாக்களுக்கும் தம் விடைகளை எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்களின் எண்களைப் பார்த்தபின் எழுதிய விடை கணக்கில் சேராது.